ஃபெயர் கொப்பி

அவர் யாரிடமும் காசு வாங்கியதில்லை. அதை முதலே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல எனக்கு மனம் வராது.

லண்டன் நோர்பரியில் ஒரு தமிழ்க் கடை. அரிசி, மரக்கறி, மீன், போன் கார்ட். கடைக்குப் பின்னால் சாமான் அறை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவர் அங்கே வந்து உட்காருவார். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மேசை, ஒரு பழைய கொம்பியூட்டர், பிரிண்டர், இரண்டு பேனை. ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. கவுன்சில் கடிதம், பெனிபிட் கடிதம், விசாக் கடிதம் எதுவென்றாலும் அவரிடம்தான் போவோம். வாசித்துச் சொல்வார். பதில் எழுதித் தருவார். ஊரில் கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், கிளாக்கராக இருந்தவர். லெற்றர் அண்ணை என்றுதான் எல்லோரும் சொல்வோம். பெயரை யாரும் கேட்டதில்லை.

எப்போதும் கோட் போட்டிருப்பார். வெயில் காலத்திலும் போட்டிருப்பார்.

அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பகை. சுருக்கி எழுதுவது. பிழைவிட்டு எழுதுவதும் அதற்குள் அடக்கம். எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதல் சொல் 'காணாது' என்பதுதான். போதாது என்பதற்கு எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். முகவரி எழுதிக் கொடுத்தால் காணாது. பிறந்த திகதி கொடுத்தால் காணாது. நன்றி சொன்னாலும் அவருக்குக் காணாது.

கடைக்காரர் கத்தரிக்காய்ப் பெட்டியில் விலை எழுதி வைப்பார். இவர் போகிற போக்கில் சிவப்புப் பேனையால் திருத்திவிட்டுப் போவார்.

"அண்ணை, பிழையா எழுதினாலும் கத்தரிக்காய் விக்குதுதானே."

"விக்கும். உம்மடை மரியாதையும் சேர்ந்து விக்கும்."

கடைக்காரர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அப்போது அது பகிடியாகத்தான் இருந்தது.

ஒரு அம்மா வந்திருந்தார். அவருடைய மகளுக்கு யூனிவர்சிற்றி ஃபோம் நிரப்பிக் கொடுத்தவர் இவர்தான். இடம் கிடைத்துவிட்டது. பிள்ளை சந்தோசத்தில் இவருக்கு ஒரு ரெக்ஸ்ற் அனுப்பியிருக்கிறது. இங்கே பிறந்த பிள்ளை. யூ ஆர் கிரேற், தாங்ஸ் அங்கிள் என்பதை எழுத்தைத் தின்று, நடுவில் எட்டு என்று ஒரு நம்பரையும் போட்டு அனுப்பியிருக்கிறது. இந்தப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான். இவர் போனை எடுத்து, இருந்த எல்லோருக்கும் கேட்க அதை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.

"அவள் அன்பாத்தான் அண்ணை அனுப்பினவள்" என்றார் அம்மா.

"அன்புக்கு உயிரெழுத்து இல்லையோ?"

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். பிறகு அவர் அந்தக் கடைக்கு வந்து நான் பார்க்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது சித்திரை மாதம். அந்த மாதம் எங்கள் சனம் எப்படி இருந்தது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். கடைசிச் சண்டை நடந்த வன்னியில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாது. இன்ரநெற்றில் மரண அறிவித்தல்கள் வந்துகொண்டே இருக்கும். கீழே அனுதாபம் எழுத ஒரு கட்டம் இருக்கும். என்னோடு தோர்ன்ரன் ஹீத்தில் ஒரே வீட்டில் இருந்தவன் பஸ் ஓட்டுபவன். ஒரு அறிவித்தலுக்குக் கீழே ஆர் ஐ பி என்று மூன்று எழுத்து போட்டான். வெள்ளைக்காரர் போடுவது. அடுத்த ஞாயிறு லெற்றர் அண்ணை அவனைப் பிடித்தார்.

"ஒரு மனிசனை மூண்டு எழுத்திலையோ தாக்கிறது?"

எங்கள் ஊரில் தாக்கிறது என்றால் புதைப்பது.

பஸ்காரன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"அண்ணை, அண்டைக்கு அது ஏழாவது. எனக்குக் கை ஏலேல்லை."

எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். இவர் பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஏழாவது ஆளுக்கும் ஒரு வாழ்க்கை இருந்தது தம்பி. முழுசா எழுதவேணும்."

அவர் சொன்னது பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அன்றுதான் எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது. பிடிக்காமல் போனாலும் அவரிடம்தான் போனேன். எனக்கு அவர் தேவைப்பட்டார்.

என் கதை இதுதான். முந்தின கார்த்திகையில் திருச்சிக்குப் போய்க் கலியாணம் கட்டினேன். ஊருக்குப் போக முடியாதவர்கள் அப்படித்தான் கட்டினோம். பெண்ணைத் திருச்சிக்குக் கூப்பிட்டு, ஒரு மண்டபத்தில் தாலி கட்டி, மூன்று வாரம் இருந்துவிட்டு, அவளைத் தெரிந்த குடும்பத்தோடு விட்டுவிட்டு நான் திரும்பி வந்தேன். அவளுடைய இந்திய விசா ஆவணியோடு முடிகிறது. அதற்குள் லண்டன் விசா கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அவள் இலங்கைக்குத் திரும்பிப் போக வேண்டும். அந்த வருசம் ஒரு தமிழ்ப் பிள்ளை தனியாக அங்கே போவது என்றால் என்னவென்று நான் எழுதத் தேவையில்லை.

எனக்கு வேலை குளிர் அறையில். மீன், இறைச்சி, ஐஸ் பெட்டிகளை அடுக்குவது. காலை ஆறுக்குப் போய் இரண்டுக்கு வெளியே வருவேன். கையுறை போட்டாலும் விரல் நுனி வெடிக்கும். மூன்று மணிக்கு ஒரு கானா நாட்டு மனுசி நடத்தும் இன்ரநெற் கடையில் உட்காருவேன். அங்கே அவளுக்கு இரவு எட்டரை, கோடையில் ஏழரை. அவளும் ஒரு நெற் கடையில் இருப்பாள். எழுதிக்கொள்வோம்.

நான் எட்டாம் வகுப்பு. அவள் பத்து. தமிழ் எழுத்து அடிக்க இருவருக்கும் தெரியாது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் எழுதினோம். சாப்பிட்டாயா என்பது நாலு எழுத்து. ஓகே என்பது ஒரு எழுத்து. மிச்சமெல்லாம் ம். அவளுக்குப் பின்னால் கொலிஜ் பெடியள் வரிசையில் நின்று திரையைப் பார்ப்பார்கள். அவள் எதை நீட்டி எழுதுவாள்? எனக்கு ஒரு எழுத்தைக் குத்தினால் விரல் வெடிப்பில் குத்தும். நான் எதை நீட்டி எழுதுவேன்? அதைவிட அங்கே தினமும் கரண்ட் போகும். போனால் கொம்பியூட்டருக்குக் கீழே ஒரு பெட்டி கீக் கீக் என்று கத்தி இரண்டு நிமிசம் தாங்கும். அவள் உடனே 'சி' என்று ஒரு இங்கிலீஷ் எழுத்து அடிப்பாள். கரண்ட் போய்விட்டது, இரண்டு நிமிசம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த இரண்டு நிமிசத்தில் எழுதுகிறதை எழுத்துப் பார்த்து எழுதுகிறவன் யார்?

பஸ்காரன் தன் மனைவியைக் கூப்பிட்டு எடுத்தவன். அவன் சொன்னான்: "எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து வை மச்சான். நீங்கள் கதைக்கிறதுக்கு விசாக்காரன் ஆதாரம் கேப்பான்." கானா மனுசி கடை பூட்டும்போது கொம்பியூட்டரில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு நாளும் எழும்பமுன் ஒரு தாள் பிரிண்ட் எடுப்பேன். மடித்து ஜக்கெற்றுக்குள் வைப்பேன். வீட்டில் ஒரு பிஸ்கற் ரின்னில் சேர்த்தேன். ஆறு மாதத்துத் தாள்.

வைகாசி முடிந்து ஒரு ஞாயிறு அந்த ரின்னைக் கொண்டுபோய் லெற்றர் அண்ணையின் மேசையில் வைத்தேன். அறையில் ஆறேழு பேர் காத்திருந்தார்கள்.

அவர் ஒரு தாளை விரித்தார். வாசித்தார். சத்தமாக.

"ம். பிறகு நீர், ம். பிறகு அவ, ம். தம்பி, மாட்டுக் கொட்டிலிலை இதைவிடக் கதை நடக்கும்."

சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கம்.

"கரண்ட் போயிடும் அண்ணை. அதுதான்."

"கரண்ட் போனால் மரியாதையும் போகுமோ? இதென்ன, 'கை'? கை எண்டு எழுதிக் கேள்விக்குறி போட்டிருக்கிறா. என்ன கேள்வி இது? கையும் இல்லை, காலும் இல்லை."

 வேலை முடிந்து உட்கார்ந்தால் அவள் முதலில் அதைத்தான் கேட்பாள். சாப்பாடு பிறகு. அதை ஏழு பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

"இது காணாது. இதைப் பாத்தால் புருசன் பெஞ்சாதி எண்டு எந்தத் துரை நம்புவான்? இஞ்சை விடும். நான் ஃபெயர் கொப்பி எடுத்துத் தாறன்."

கச்சேரியில் அதுதான் வழக்கமாம். முதலில் கிறுக்கி எழுதுவது. பிறகு அதைப் பார்த்து நல்ல தாளில் சுத்தமாக ஒரு பிரதி. அதுதான் ஃபெயர் கொப்பி. பெரியவர் கையெழுத்து வைத்ததும் கிறுக்கலைக் கிழித்துவிட வேண்டும். இரண்டும் இருந்தால் குழப்பம் வரும்.

மூன்று ஞாயிறு எழுதினார். முப்பது கடிதம். அவள் எனக்கு எழுதினது பதினைந்து, நான் அவளுக்கு எழுதினது பதினைந்து. எல்லாம் இங்கிலீஷ். திகதி சரி. விசயமும் எங்களுடையதுதான் என்றார். எனக்கு வாசிக்கத் தெரியாது. ஒன்றைத் தமிழில் சொல்லிக் காட்டினார்.

"'என் அன்புக்குரிய கணவருக்கு. தாங்கள் பூரண சுகத்துடன் இருக்க எல்லாம் வல்ல இறைவனைப் பிரார்த்திக்கிறேன்.' இது அந்தக் கை எண்டதுக்கு. விளங்குதோ? மனிசர் எழுதுறது இப்பிடி."

"விளங்குது அண்ணை."

"கையெழுத்தை வையும்."

வைத்தேன். என்னுடைய பதினைந்துக்கும் வைத்தேன். அவளுடையதுக்கு அவரே இரண்டு எழுத்து போட்டார். பிறகு ரின்னைத் திறந்து என் தாள்களை நாலு நாலாகச் சேர்த்துக் கிழித்தார். அவசரமில்லாமல் கிழித்தார். கடைக்காரர் மீன் கழிவு போடும் வாளியில் போட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. எழுதத் தெரிந்தவன் முன்னால் எழுதத் தெரியாதவனுக்குக் கை எழும்பாது.

கடிதங்களை விசா ஃபோமோடு அனுப்பினேன். சென்னையில் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அன்று அவள் போனில் சொன்னாள்.

"ஒரு கட்டுக் கடிதம் காட்டினவை. இது நீங்கள் எழுதினதோ எண்டு கேட்டவை. நான் இல்லையெண்டன். எனக்கு இங்கிலீஷ் தெரியாதெண்டன். நாங்கள் நெற்றிலைதான் கதைக்கிறனாங்கள், சின்னனாத்தான் எழுதுறனாங்கள் எண்டன். அதைக் காட்டு எண்டவை."

"நீ என்ன சொன்னனீ?"

"உங்களிட்டை இருக்கெண்டன்."

நான் ம் என்றேன்.

விசா மறுத்த கடிதம் வந்தது. அதையும் வாசிக்க அவரிடம்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவர் வாசித்தார். இந்தக் கடிதங்களை எழுதினவர் இவர்கள் இல்லை. இருவருக்கும் தொடர்பு இருந்ததற்கு நம்பக்கூடிய ஆதாரம் ஒன்றும் இல்லை. அவ்வளவுதான் இருந்தது. வாசித்துக்கொண்டே போனவர் ஒரு இடத்தில் நின்றார். சிவப்புப் பேனையை எடுத்தார். ஒரு சொல்லுக்குக் கீழே கோடு போட்டார்.

"பாரும். இவங்களே பிழை விட்டிருக்கிறாங்கள்."

நான் கடிதத்தை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

ஆவணியில் அவள் கொழும்புக்குப் போனாள். ஒரு லொட்ஜ் அறையில் பதினொரு மாதம் இருந்தாள். தனியாக. இரண்டு முறை இரவில் பொலிஸ்காரர் வந்து பதிவு பார்த்திருக்கிறார்கள். அந்தப் பதினொரு மாதத்தைப் பற்றி அவள் அதற்கு மேல் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

மேன்முறையீடு போட்டேன். சட்ட உதவி அலுவலகத்தில் ஒரு வக்கீல், இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை. புதிதாகச் சேர்த்த தாள்களைக் கொடுத்தேன். தூக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தது. நான் கூச்சத்தில் சொன்னேன், எல்லாம் பிழைபிழையாக இருக்கும் பிள்ளை, யாரையாவது கொண்டு திருத்தட்டோ என்று.

"ஐயோ அண்ணா! ஒரு லெற்றரும் சேஞ்ச் பண்ணாதீங்க. நானும் என்ரை ஹஸ்பண்டும் இப்படித்தான் எழுதுறது." பிறகு கேட்டது: "விசா கேட்க முதல் எழுதினது ஒண்டுமே இல்லையா? ஒரு பேஜ்?"

இருந்தது. ஒன்றே ஒன்று. குளிர் அறையில் போடும் தடித்த ஜக்கெற்றின் உட்பையில் ஒரு நாள் வைத்து மறந்த தாள். ஈரத்தில் ஊறி, மடிப்பில் கிழிந்து, மீன் மணத்தோடு. பங்குனி மாதத் திகதி.

வழக்குக்கு முந்தின ஞாயிறு லெற்றர் அண்ணை என் வீட்டுக் கதவைத் தட்டினார். கோட்டோடு. உள்ளே வரவில்லை.

"தம்பி, நீதிபதி கேட்டால் கடிதம் நீர்தான் எழுதினதெண்டு சொல்லும். என்ரை பேர் வரக்கூடாது. பதிவில்லாமல் விசா வேலை செய்யிறது இஞ்சை குற்றம்."

"பொய் சொல்லட்டோ அண்ணை?"

"பொய்யில்லை. சுருக்கமாச் சொல்லும். 'ஓம்' எண்டால் காணும்."

அவர் வாயிலிருந்து காணும் என்ற சொல்லை நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

நீதிபதி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். இந்தக் கடிதங்களை எழுதினது யார்?

"நான் இல்லை. அவளும் இல்லை. இங்கிலீஷ் தெரிந்த ஒருவர்."

"அவர் பெயர்?"

"தெரியாது. எல்லோரும் அண்ணை என்றுதான் சொல்வோம்."

அது உண்மை. பெயர் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

பிறகு அந்த ஒரு தாளை எடுத்தார்கள். மொழிபெயர்ப்பாளர் தடுமாறினார். ம். ம். சாப்பிட்டாயா. ம். ஒரு இடத்தில் நின்று, இது கை என்று சொன்னார். ஹேண்ட். கேள்விக்குறி. நீதிபதி என்னைப் பார்த்தார். இது என்ன கேள்வி என்றார்.

எனக்கு விளக்கத் தெரியவில்லை. இரண்டு கையையும் மேசைக்கு மேலே வைத்து விரித்துக் காட்டினேன். முதல் நாளும் வேலைக்குப் போயிருந்தேன். மூன்று விரலில் பிளாஸ்ரர். மற்றதெல்லாம் வெடிப்பு.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். தன் தாளில் ஏதோ எழுதினார். நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. அவர் எழுதினதும் கிறுக்கல்தான். இரண்டு மூன்று எழுத்துக்கு மேல் இல்லை.

அவள் வந்தாள். ஹீத்ரோவில் நான் கேட்டது, சாப்பிட்டாயா. அவள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். 

அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு நான் போகவில்லை. கத்தரிக்காய் வாங்க அப்டன் பார்க் வரைக்கும் போயிருக்கிறேன். அவர் தொடர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்தார் என்று பஸ்காரன் சொல்வான். விசாக் கடிதம் மட்டும் தொடுவதில்லையாம். அவரால் வீடு கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். பென்சன் கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். நான் என் கணக்கைத்தான் எழுதுகிறேன். என்னிடம் அவர் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. முழுசாகவும் இல்லை, சுருக்கியும் இல்லை.

போன மாசி மாதம் இன்ரநெற்றில் அவருடைய மரண அறிவித்தல் வந்தது. கோட் போட்ட படம். முழுப் பெயரை அன்றுதான் வாசித்தேன். இங்கே எழுதவில்லை. கீழே அனுதாபங்கள் நீளநீளமாக இருந்தன. ஒரு பிழை இல்லை. செத்த பிறகும் அந்தச் சிவப்புப் பேனைக்குப் பயந்து எழுதியிருந்தார்கள். பஸ்காரனும் ஆறு வரி எழுதியிருந்தான்.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். என் மனைவி எதிரில் இருந்து வெங்காயம் உரித்தாள். யார் என்று கேட்டாள். சொன்னேன். கத்தியை வைத்துவிட்டாள்.

கட்டத்தில் ஒரு விரலால் எழுதினேன். அனுப்பினேன்.

"என்ன எழுதினனீங்கள்?"

"மூண்டு எழுத்து."

அவள் கத்தியைத் திரும்ப எடுத்தாள்.

"காணும்" என்றாள்.